கன்னியாகுமரி மாவட்டத்தின் மூன்று எண்கள்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கன்னியாகுமரி மாவட்டத்தில் வாழ்ந்தவர்கள் 18,70,374 பேர். அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என்று அப்போது இருந்த நான்கு தாலுகாக்களும் சேர்ந்த கணக்கு இது. இதில் ஆண்கள் 9,26,345 பேர், பெண்கள் 9,44,029 பேர். ஆயிரம் ஆண்களுக்கு 1,019 பெண்கள் என்று நாம் அடிக்கடி கேட்கும் பாலின விகிதம் இந்த இரண்டு எண்களிலிருந்து வந்ததுதான்.

வழக்கமாக இந்த எண்களை வைத்து ரேஷன், சாலை, பள்ளிக்கூடம், தொகுதி என்று பேசுவோம். இங்கே அதையெல்லாம் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, எண்ணை எண்ணாக மட்டும் பார்க்கலாம். 18,70,374 எப்படிப்பட்ட எண்? கணிதக்காரர்கள் கையில் கொடுத்தால் அதை எந்தெந்த வகையில் சேர்ப்பார்கள்? இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். எட்டாம் வகுப்புக்குள் படித்த பெருக்கலும் வகுத்தலும் போதும். கையில் ஒரு தாளும் பேனாவும் இருந்தால் கூடவே செய்து பார்க்கலாம்.

ஆண்கள் எண்ணும் பெண்கள் எண்ணும் அளவில் கிட்டத்தட்ட ஒன்று. குணத்தில் இரண்டும் எதிரெதிர்க் கரை. இரண்டையும் கூட்டினால் கிடைக்கும் மொத்தமோ, அந்த இரண்டில் எதன் சாயலும் இல்லாத மூன்றாவது ஆள். அது எப்படி என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

பகா எண்ணிலிருந்து தொடங்குவோம்

1-ஆலும் தன்னாலும் தவிர வேறு எதனாலும் மீதியில்லாமல் வகுபடாத எண் பகா எண். 2, 3, 5, 7, 11, 13, 17, 19 என்று போகும். 1-ஐ இந்த வரிசையில் சேர்ப்பதில்லை. மற்ற எண்களெல்லாம் பகு எண்கள். பகா எண்களைப் பெருக்கிக் கிடைப்பவை. 12 என்றால் 2 × 2 × 3. இதில் முக்கியமான விஷயம், எந்த வழியில் உடைத்தாலும் கடைசியில் கைக்கு வருவது அதே பகா எண்கள்தான். 12-ஐ 4 × 3 என்று உடைத்தாலும் 6 × 2 என்று உடைத்தாலும் முடிவில் இரண்டு 2-ம் ஒரு 3-ம்தான் நிற்கும். பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் எண்கணிதத்தின் அடிப்படைத் தேற்றம் என்று வருவது இதுவே. ஒரு எண்ணின் ஜாதகம் மாதிரி என்று சிலர் சொல்வார்கள்; எனக்கு அது போதாது என்று தோன்றும். ஜாதகத்தில் ஊகம் உண்டு, இதில் ஊகத்துக்கு இடமே இல்லை.

சின்னதாக ஒன்றைப் பழகிப் பார்ப்போம். குமரி முனைப் பாறையில் 2000 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்ட திருவள்ளுவர் சிலையின் மொத்த உயரம் 133 அடி. பீடம் 38 அடி, அதன் மேல் நிற்கும் சிலை 95 அடி. குறளின் 133 அதிகாரங்களில் அறத்துப்பாலுக்கு 38, பொருளுக்கும் இன்பத்துக்கும் சேர்த்து 95 என்ற கணக்கு அது. இப்போது மூன்றையும் உடைத்தால்:

38 = 2 × 19
95 = 5 × 19
133 = 7 × 19

மூன்றிலும் 19 இருக்கிறது. தற்செயல் இல்லை. 38-ல் 19 இரண்டு தடவை, 95-ல் ஐந்து தடவை. கூட்டினால் ஏழு தடவை வந்துதான் ஆக வேண்டும். கூட்டப்படும் இரண்டு எண்களுக்கும் பொதுவான காரணி எதுவோ, அது கூட்டுத்தொகைக்கும் போய்ச் சேரும். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வேண்டியிருக்கும்.

18,70,374-ஐ உடைப்பது

கடைசி இலக்கம் 4, இரட்டைப்படை. எனவே 2-ஆல் வகுபடும். வகுத்தால் 9,35,187.

அடுத்து 3. இலக்கங்களைக் கூட்ட வேண்டும்: 9 + 3 + 5 + 1 + 8 + 7 = 33. 33, 3-ஆல் வகுபடுவதால் எண்ணும் வகுபடும். இந்தச் சூத்திரம் ஏன் வேலை செய்கிறது என்பதைப் பல பேர் யோசிப்பதில்லை. 10 என்பது 9-ஐவிட ஒன்று கூடுதல், 100 என்பது 99-ஐவிட ஒன்று கூடுதல், 1,000 என்பது 999-ஐவிட ஒன்று கூடுதல். ஆக ஒவ்வொரு இலக்கமும் எந்த இடத்தில் இருந்தாலும், 9-ன் மடங்குகளைக் கழித்துவிட்டால், தன் மதிப்பை மட்டும் மீதியாக விடும். அந்த மீதிகளின் கூட்டல்தான் இலக்கங்களின் கூட்டல். அதனால் இதே சோதனை 9-க்கும் செல்லும். நம்முடைய 33, 9-ஆல் வகுபடாது. எனவே 3 ஒரு தடவைதான் வரும். வகுத்தால் 3,11,729.

5 இல்லை, கடைசி இலக்கம் 9. 7-ஆல் வகுத்தால் மீதி 5. அடுத்து 11. இதற்கும் ஒரு வழி உண்டு: வலப்பக்கத்திலிருந்து ஒன்றுவிட்டு ஒன்றாகக் கூட்டிக் கழிக்க வேண்டும். 3,11,729-ல் 9 + 7 + 1 = 17; நடுவில் விட்டுப்போனவை 2 + 1 + 3 = 6. வித்தியாசம் 11. ஆக வகுபடும். 10 என்பது 11-ஐவிட ஒன்று குறைவு, 100 என்பது 99-ஐவிட ஒன்று அதிகம், 1,000 என்பது 1,001-ஐவிட ஒன்று குறைவு. 99-ம் 1,001-ம் 11-ன் மடங்குகள். அதனால்தான் கூட்டலும் கழித்தலும் மாறி மாறி வருகின்றன. வகுத்தால் 28,339.

13-ஆல் வகுத்தால் மீதி 12. ஒன்றே ஒன்று தவறிவிட்டது. 17-ஆல் வகுத்தால் மீதியில்லாமல் 1,667. இனி 1,667 மேலும் உடையுமா? 37 வரைக்கும் உள்ள பகா எண்களால் முயன்று பார்த்தால் போதும். ஏனென்றால் 1,667 இரண்டு எண்களின் பெருக்கலாக இருந்தால், அவற்றில் சின்னது 41-க்குக் கீழேதான் இருக்க முடியும். 41 × 41 என்பதே 1,681 ஆகிவிடும். முயன்றால் எதுவும் ஒத்துவரவில்லை. 1,667 பகா எண்.

18,70,374 = 2 × 3 × 11 × 17 × 1,667

ஐந்து பகாக் காரணிகள், ஐந்தும் வேறு வேறு. எதுவும் இரண்டாம் முறை வரவில்லை. இப்படிப்பட்ட எண்ணை வர்க்கக் காரணியற்ற எண் என்பார்கள். 4, 9, 25 போன்ற எந்த வர்க்கமும் அதை வகுக்காது. இது அபூர்வமான வகையொன்றும் இல்லை. எண்களை வரிசையாக எடுத்துக்கொண்டே போனால் நூறில் சுமார் 61 எண்கள் இந்த வகையில் வரும். அதிசயம் அந்த விகிதத்தில் இருக்கிறது: 6-ஐ பை (π) என்ற வட்ட மாறிலியின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது அது. வட்டத்துக்கும் இந்த எண்களுக்கும் என்ன சம்பந்தம் என்று முதல் தடவை கேள்விப்படும் யாரும் கேட்பார்கள். சம்பந்தம் இருக்கிறது, 1 + 1/4 + 1/9 + 1/16 என்று போகும், கணிதர் ஆய்லரின் தொடர் வழியாக. அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

ஐந்து வேறு வேறு பகா எண்கள் இருப்பதுதான் கொஞ்சம் கூடுதல். 1917-ல் ஹார்டியும் நம் ராமானுஜனும் சேர்ந்து நிறுவிய ஒரு முடிவின்படி, ஒரு எண்ணுக்கு வழக்கமாக எத்தனை வேறுபட்ட பகாக் காரணிகள் இருக்கும் என்பதை அந்த எண்ணின் இயல் மடக்கையின் (கால்குலேட்டரில் ln) இயல் மடக்கை காட்டிவிடும். 18 லட்சத்துக்கு அது 3-ஐவிடக் கொஞ்சம் குறைவாக வருகிறது. நம் மாவட்டத்தின் எண்ணில் ஐந்து. எண்கள் எவ்வளவு பெரிதானாலும் இந்த மடக்கையின் மடக்கை மிக மெதுவாகத்தான் ஏறும் என்பதுதான் அந்த முடிவின் அழகு.

காரணிகள் தெரிந்துவிட்டால் மற்றவை சுலபம். 18,70,374-ஐ மீதியில்லாமல் வகுக்கும் எண்கள் மொத்தம் எத்தனை? ஐந்து பகா எண்களில் ஒவ்வொன்றையும் எடுக்கலாம் அல்லது விடலாம். 2 × 2 × 2 × 2 × 2 = 32. அந்த 32 வகுத்திகளையும் கூட்ட வேண்டுமானால் ஒவ்வொரு பகா எண்ணோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் போதும்: 3 × 4 × 12 × 18 × 1,668 = 43,23,456. இதில் எண்ணையே கழித்துவிட்டால் 24,53,082. இது எண்ணைவிடப் பெரியது. தன்னைத் தவிர்த்த வகுத்திகளின் கூட்டுத்தொகை தன்னைவிட அதிகமானால் அது மிகையெண். குறைந்தால் குறைவெண். சரியாக அதே அளவில் நின்றால் நிறைவெண். 6, 28, 496, 8,128 ஆகியவை முதல் நான்கு. 6-ஐவிடப் பெரிய, 6-ஆல் வகுபடும் எந்த எண்ணும் மிகையெண்தான் என்பதால், இதை 2, 3 கிடைத்த உடனேயே சொல்லியிருக்கலாம்.

ஆண்கள் எண்ணும் பெண்கள் எண்ணும்

9,26,345, 5-ல் முடிகிறது. 5-ஆல் வகுத்தால் 1,85,269. அது 7-ஆல் வகுபடுகிறது: 26,467. அதுவும் 7-ஆல் வகுபடுகிறது: 3,781. 3,781 = 19 × 199.

9,26,345 = 5 × 7 × 7 × 19 × 199

7 இரண்டு தடவை வந்துவிட்டது. எனவே இது வர்க்கக் காரணியற்ற எண் ஆகாது. 49 இதை வகுக்கும். இதில் 7-ம் 19-ம் இருப்பதால் 133-ஆலும் வகுபடும்: 9,26,345-ஐ 133-ஆல் வகுத்தால் மீதியில்லாமல் 6,965. சிலையின் உயரம் இப்படி வந்து நிற்பது வெறும் தற்செயல்தான், அதில் வேறு அர்த்தம் தேட வேண்டாம். ஆனாலும் எனக்குப் பிடித்த தற்செயல். தன்னைத் தவிர்த்த வகுத்திகளைக் கூட்டினால் 4,41,655 வருகிறது. பாதிக்கும் குறைவு. ஆகவே இது குறைவெண்.

பெண்கள் எண்ணுக்கு வருவோம். 9,44,029. ஒற்றைப்படை. இலக்கங்களின் கூட்டல் 28, எனவே 3 இல்லை. 5 இல்லை. 7-ஆல் வகுத்தால் மீதி 2. 11, 13, 17, 19 எதுவும் இல்லை. 67-ஆல் வகுத்தால் மீதி 66. இங்கேயும் ஒன்றில் தவறுகிறது. எதுவரை போக வேண்டும்? 972 × 972 = 9,44,784, நம் எண்ணைத் தாண்டிவிடும். எனவே 971 வரை போனால் போதும். 971 வரை 164 பகா எண்கள் இருக்கின்றன. நூற்று அறுபத்து நான்கு வகுத்தல். பொறுமையாகச் செய்தால் ஒவ்வொன்றும் மீதி விடும். 599-ஆல் வகுத்தால் மீதி 5, 613-ஆல் வகுத்தால் மீதி 9, கடைசியாக 971-ஆல் வகுத்தால் மீதி 217. ஒன்றுகூட ஒத்துவரவில்லை.

9,44,029 பகா எண். குமரி மாவட்டப் பெண்களை வரிசையில் இத்தனை பேர், இத்தனை வரிசை என்று சமமாக நிறுத்தவே முடியாது. எல்லோரும் ஒரே வரிசையில் நிற்க வேண்டும், அல்லது ஒவ்வொருவரும் ஒரு வரிசை.

இது எவ்வளவு அரிது? பத்து லட்சத்துக்குள் 78,498 பகா எண்கள் உள்ளன. 9 லட்சத்தைத் தாண்டிய பகுதியில் சராசரியாகப் பதினான்கு எண்களுக்கு ஒன்று பகா எண்ணாக இருக்கும். அரிது என்று சொல்ல முடியாது, சாதாரணம் என்றும் சொல்ல முடியாது.

இந்தக் கணக்கை அக்கா மகளுக்குக் காட்டிக்கொண்டிருந்தபோது, "மாமா, இதவிட ரொம்பப் பெரிய நம்பர் தந்தா என்ன செய்வீங்க?" என்று கேட்டாள். "முடியாது மக்ளே, யாராலயும் முடியாது" என்றேன். உண்மைதான். ஆறு இலக்கம், ஏழு இலக்கம் என்றால் கையால் போட்டுவிடலாம், செல்போன் கண்ணிமைக்கும் நேரத்தில் போட்டுவிடும். இலக்கங்கள் கூடக் கூட வேலை மலைபோல் ஏறும். செய்திகளை ரகசியமாக்கி அனுப்ப 1977-ல் உருவான ஆர்எஸ்ஏ என்ற மறையீட்டு முறை முழுக்க இந்தக் கஷ்டத்தை நம்பித்தான் நிற்கிறது: இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்குவது எளிது, பெருக்கிய எண்ணை மட்டும் கொடுத்து இரண்டையும் கண்டுபிடிக்கச் சொன்னால் திணறிப்போவார்கள். சவாலாக வெளியிடப்பட்ட 250 இலக்க எண் ஒன்று 2020-ல்தான் உடைக்கப்பட்டது, அதுவும் ஏராளமான கணினிகளைப் பூட்டி. 617 இலக்கம் கொண்ட எண் ஒன்றும் அந்தச் சவால் பட்டியலில் உண்டு. அது இன்னும் அப்படியே இருக்கிறது.

பெண்கள் எண்ணுக்கு இன்னொரு சிறப்பு. 4-ஆல் வகுத்தால் மீதி 1 வருகிறது. அப்படிப்பட்ட பகா எண் எதுவானாலும் அதை இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடியும் என்று 1640 டிசம்பர் 25 அன்று மெர்சேன் என்ற அறிஞருக்கு எழுதிய கடிதத்தில் பிரெஞ்சுக் கணிதர் பெர்மா சொன்னார். நிரூபணம் தரவில்லை. ஒரு நூற்றாண்டு கழித்து ஆய்லர்தான் நிரூபித்தார். 5 = 4 + 1, 13 = 9 + 4, 17 = 16 + 1, 29 = 25 + 4. நம் எண்ணுக்கு:

9,44,029 = 827 × 827 + 510 × 510

போட்டுப் பாருங்கள்: 6,83,929 + 2,60,100. பகா எண் என்பதால் இப்படி எழுத இந்த ஒரு வழிதான் உண்டு. வேறு எந்த இரண்டு வர்க்கங்களும் சேராது. ஆண்கள் எண்ணையும் 4-ஆல் வகுத்தால் மீதி 1 தான், ஆனால் அது பகா எண் இல்லை. அதனுள் 19-ம் 199-ம் இருக்கின்றன. இரண்டும் 4-ஆல் வகுத்தால் மீதி 3 விடும் பகா எண்கள். அப்படிப்பட்ட ஒரு பகா எண் ஒற்றைப்படைத் தடவை வந்துவிட்டால் இரண்டு வர்க்கங்களாகப் பிரிக்க வழியே கிடையாது. மொத்தத்துக்கும் அதே கதி: அங்கே 3, 11, 1,667 மூன்றும் தடுக்கின்றன. ஆக மூன்றில் பெண்கள் எண் மட்டுமே இப்படி எழுதப்படக் கூடியது.

மகிழ் எண் என்று ஒரு வகையும் உண்டு. எண்ணின் ஒவ்வொரு இலக்கத்தையும் வர்க்கப்படுத்திக் கூட்டி, வந்ததை மறுபடி அப்படியே செய்துகொண்டு போனால் கடைசியில் 1-ல் வந்து நின்றால் அது மகிழ் எண். 18,70,374 எடுத்துக்கொண்டால் 1 + 64 + 49 + 0 + 9 + 49 + 16 = 188. அதிலிருந்து 129. அதிலிருந்து 86. அதிலிருந்து 100. அப்புறம் 1. மாவட்டத்தின் மொத்தம் மகிழ் எண். ஆண்கள் எண்ணும் பெண்கள் எண்ணும் தனித்தனியாகப் பார்த்தால் மகிழ் எண்கள் இல்லை. இரண்டும் 1-ஐத் தொடாமல் ஒரு சுழலில் மாட்டிக்கொள்ளும். 2001 கணக்கெடுப்பின் மொத்தமான 16,76,034-ம் அப்படியே. பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க அருமையான விளையாட்டு இது. ஆனால் பகா எண்ணோடு இதை ஒரே தட்டில் வைக்க மாட்டேன். நாம் பத்து பத்தாக எண்ணுவதால்தான் இலக்கங்கள் இப்படி விழுகின்றன. எட்டு எட்டாக எண்ணும் வழக்கம் இருந்திருந்தால் முடிவு மாறிப்போகலாம். 9,44,029 பகா எண் என்பது எந்த முறையில் எழுதினாலும் மாறாது.

கூட்டினால் என்ன ஆகிறது

மூன்று எண்களின் பகாக் காரணிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆண்கள்: 5, 7, 19, 199. பெண்கள்: 9,44,029 மட்டும். மொத்தம்: 2, 3, 11, 17, 1,667. ஒன்றில் இருப்பது இன்னொன்றில் இல்லவே இல்லை. 19-ம் 7-ம் கூட்டலில் எங்கே போயின?

இதற்கு ஒரு சின்ன நிரூபணம் இருக்கிறது, சிலை உயரத்தில் பார்த்த அதே விஷயத்தைத் திருப்பிப் போட்டால் போதும். மொத்தத்தை 19 வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்கள் எண்ணையும் 19 வகுக்கிறது. அப்படியானால் மொத்தத்திலிருந்து ஆண்களைக் கழித்து வரும் பெண்கள் எண்ணையும் 19 வகுக்க வேண்டும். அது பகா எண், 19 அதை வகுக்காது. எனவே மொத்தத்தையும் 19 வகுக்க முடியாது. 5, 7, 199 எதற்கும் இதே வாதம்தான். பொதுக் காரணி இல்லாத இரண்டு எண்களைச் சார்பகா எண்கள் என்போம். சார்பகா எண்கள் இரண்டைக் கூட்டினால், வரும் தொகை இரண்டிலுமிருந்து ஒரு பகா எண்ணைக்கூட வாங்கிக்கொள்ளாது. அதன் காரணிகள் முழுக்கப் புதியவை.

பெருக்கல் அப்படியில்லை. அது தோவாளையில் மாலை கட்டுவது போல. கட்டி முடித்த பிறகும் இது பிச்சி, இது அரளி, இது கேந்தி என்று ஒவ்வொரு பூவையும் தொட்டுக் காட்ட முடியும். கூட்டலில் அந்த அடையாளம் நிற்பதில்லை. எண் கோட்பாட்டில் கடினமான கேள்விகளை எடுத்துப் பார்த்தால், பெரும்பாலும் பெருக்கலால் வரையறுத்த ஒன்றைக் கூட்டலோடு மோதவிடுபவையாகவே இருக்கும். 2-ஐவிடப் பெரிய ஒவ்வொரு இரட்டைப்படை எண்ணும் இரண்டு பகா எண்களின் கூட்டலா என்று 1742-ல் கோல்ட்பாக் கேட்டது அப்படிப்பட்டது. இன்றுவரை விடையில்லை.

இந்தச் சார்பகா விஷயத்தில் நம் ஊரோடு தொடர்புள்ள ஒருவரைச் சொல்லாமல் போகக் கூடாது. செங்கோட்டைக்குப் பக்கத்தில் வல்லத்தில் 1901-ல் பிறந்து, நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியில் இன்டர்மீடியட் படித்த எஸ். எஸ். பிள்ளை. ராமானுஜனுக்கு அடுத்த தலைமுறையின் பெரிய எண் கோட்பாட்டாளர். அவர் நிறுவிய முடிவுகளில் எனக்கு மிகப் பிடித்தது இது: அடுத்தடுத்து வரும் எண்கள் 16-ஐ எங்கிருந்து எடுத்தாலும், அவற்றில் ஒன்றாவது மற்ற 15 எண்களோடும் பொதுக் காரணி இல்லாமல் தனித்து நிற்கும். 17 எண்களை எடுத்தால் இந்த உறுதி உடைந்துவிடும்.

உடைவதைக் கண்ணால் பார்க்கலாம். 2,184 முதல் 2,200 வரை 17 எண்கள். இரட்டைப்படை எண்கள் எல்லாவற்றுக்கும் 2 பொது, அவற்றை விட்டுவிடுவோம். 2,185-க்கும் 2,195-க்கும் 5 பொது. 2,187, 2,193, 2,199 மூன்றுக்கும் 3. 2,191-க்கும் 2,184-க்கும் 7. 2,197 என்பது 13 × 13 × 13, 2,184-லும் 13 இருக்கிறது. மிஞ்சியது 2,189. அது 11 × 199. வரிசையின் கடைசியில் நிற்கும் 2,200 அதை 11-ஆல் பிடித்துக்கொள்கிறது. ஒருவர்கூடத் தப்பவில்லை. 2,200-ஐ எடுத்துவிட்டால் 2,189 உடனே விடுபட்டுவிடும். 16-க்கும் 17-க்கும் நடுவில் இவ்வளவு துல்லியமாக ஒரு கோடு ஓடுகிறது என்பதை எத்தனை முறை போட்டுப் பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

எந்த எண்ணையும் அதிகபட்சம் 73 ஆறாம் அடுக்குகளின் கூட்டலாக எழுதிவிடலாம் என்று நிறுவியவரும் பிள்ளைதான். அமெரிக்காவில் நடக்கவிருந்த உலகக் கணித மாநாட்டுக்குப் போகும் வழியில் 1950-ல் கெய்ரோ அருகே நடந்த விமான விபத்தில் இறந்துபோனார். ஐம்பது வயதுகூட நிறையவில்லை. குமரி மாவட்டப் பள்ளிகளில் ராமானுஜன் படம் மாட்டியிருக்கும் சுவர்களில் இவருக்கும் ஒரு இடம் கொடுக்கலாம் என்பது என் ஆசை.

நீங்களே ஒன்றைப் போட்டுப் பார்க்க வேண்டுமானால் நாகர்கோவிலின் பின்கோடு இருக்கிறது: 629001. இலக்கங்களைக் கூட்டினால் 18. எனவே 9 வகுக்கும். வர்க்கக் காரணியற்ற எண் இல்லை என்பது அந்த ஒரு கூட்டலிலேயே முடிந்துவிட்டது. 9-ஆல் வகுத்தால் 69,889. அதை 7-ஆல் வகுத்தாலும் 13-ஆல் வகுத்தாலும் மீதி 1. ஆனால் 50-க்குக் கீழே ஒரு பகா எண் அதை மீதியில்லாமல் வகுக்கும். வகுத்து வரும் எண் பகா எண்ணா என்று பார்க்க 37 வரை போனால் போதும்.